வீட்டு ஒலிபெருக்கியும் அதன் கம்பியும்

மலையகத்து வீடுகளுக்குள் வானொலி முதன்முதல் நுழைந்த காலத்தில், ஒலிபெருக்கிக் கம்பி என்று தனியாக ஒரு பொருளை எவரும் கேட்டு வாங்கியதில்லை. மரப்பெட்டி ஒன்றினுள்ளே வால்வுகளும் ஒலிபெருக்கியும் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. அவற்றைப் பிணைத்த கம்பி ஒரு சாண் நீளமே. இன்று உலகெங்கும் வழங்கும் சுருள்வகை ஒலிபெருக்கியை ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் வகுத்து வெளியிட்டது 1925ஆம் ஆண்டில். அதே ஆண்டின் இறுதியிலேதான் கொழும்பு வானொலி முறைப்படி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஒலியை அனுப்பும் கலையும் அதனைக் கேட்கும் கருவியும் இலங்கைக்கு ஏறக்குறைய ஒரே வயதின என்று சொன்னால் அது மிகையன்று.

பின்னர் வந்த இரட்டை ஒலி முறைதான் ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து பிரித்து வைத்தது. 1958இல் இரட்டை ஒலி இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என ஒலிபெருக்கிகள் விலகி நிற்க, நடுவே அம்ப்ளிபயர் தனியே நின்றது. சாண் கம்பி முழக்கணக்கில் நீண்டது. அப்பொழுதும் சாதாரண மின்விளக்கு வயரையே பலரும் பயன்படுத்தினர். ஒலிபெருக்கிக்கென்றே தனிக் கம்பி செய்து, அதற்கொரு பெயரும் பெரிய விலையும் வைத்து விற்கும் வழக்கம் 1970களின் இறுதியிலேதான் அமெரிக்காவில் வேரூன்றியது. அவ்வழக்கம் இன்று வெலிமடைக் கடைத்தெருவரை வந்து சேர்ந்திருக்கிறது.

தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு ஸ்பீக்கர் செட் வாங்க வரும் தோட்டத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். செட்டின் விலையைப் பேசி முடித்தபின், கடைக்காரர் கண்ணாடி போன்ற உறையினுள் பளபளக்கும் ஒரு கம்பிச் சுருளை எடுத்து மேசைமீது வைக்கிறார். "தம்பி, இத்தனை விலை கொடுத்து செட் எடுத்துவிட்டு வயரில் கஞ்சத்தனம் பார்க்கலாமா?" என்கிறார். "இது இல்லாவிட்டால் என்ன அண்ணே?" என்று கேட்பதற்கு இளைஞனுக்கு வாய் வருவதில்லை. கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்திற்கு அவன் கொடுக்கும் விலை சில சமயம் இரண்டு நாட் கூலி.

அவன் கேட்கத் தயங்கிய கேள்விக்கு விடை மிக எளியது. அதனை அறிந்துகொள்ள மின்னியல் படித்திருக்க வேண்டியதில்லை. மரக்கறித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிப் பழகியிருந்தாற் போதும். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு ஓடையிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரும் விவசாயி நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. குழாய் நீள நீள நீரின் வேகம் தளரும். குழாய் பருக்கப் பருக்க அது தாராளமாக ஓடும். மின்னோட்டமும் அத்தகையதே. கம்பியின் நீளம் இருமடங்கானால் அதன் தடை இருமடங்காகும். குறுக்குவெட்டு இருமடங்கானால் தடை பாதியாகும். இதற்கு அடிப்படையான விதியை ஜோர்ஜ் ஓம் என்னும் ஜேர்மானிய ஆசிரியர் 1827இல் நூலாக வெளியிட்டார். தடையை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி ஒரு கிலோமீற்றர் நீளமிருந்தால் அதன் தடை ஏறக்குறைய 17 ஓம். ஒலிபெருக்கி எட்டு மீற்றர் தொலைவில் இருக்கிறதென்றால், மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் உண்மை நீளம் பதினாறு மீற்றர். இந்தப் போக்கையும் வரவையும் சேர்த்துக் கணிக்கப் பலர் மறந்துவிடுவதுண்டு. அவ்வாறு கணித்தால் கம்பியின் தடை கால் ஓமுக்குச் சற்று மேல். ஒலிபெருக்கியோ எட்டு ஓம். நூற்றுக்கு மூன்று பங்கு வலு மாத்திரமே கம்பியில் வீணாகும். அதனை எந்தச் செவியும் உணராது. மாறாக, செட்டோடு இலவசமாக வரும் மயிரிழை போன்ற வயர், ஐந்தில் ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுடையது என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்தில் ஏழில் ஒரு பங்கு வலு கம்பியிலேயே கரைந்துவிடும். ஒலிபெருக்கி நான்கு ஓம் உடையதாயின் நான்கில் ஒரு பங்கு போய்விடும்.

இவ்வளவு இழந்தாலும் ஒலி குறைந்ததாகக் காதுக்குச் சட்டெனத் தோன்றாது என்பதையும் சொல்ல வேண்டும். நமது செவி அவ்வளவு நுட்பமாக வலுவை அளப்பதில்லை. கேடு வேறிடத்தில் விளைகிறது. எட்டு ஓம் என்று பின்புறத்தில் அச்சிட்டிருந்தாலும், ஒலிபெருக்கியின் தடை எல்லாச் சுருதிகளுக்கும் எட்டாகவே நிற்பதில்லை. ஒரு சுருதியில் ஆறாகத் தாழும், வேறொன்றில் இருபதைத் தாண்டும். கம்பியின் தடை பெரிதாகும்பொழுது, தாழ்ந்த இடத்தில் இழப்பு மிகுதியாகவும் உயர்ந்த இடத்தில் குறைவாகவும் அமைந்து இசையின் நிறம் மாறிவிடுகிறது. தவிலும் மிருதங்கமும் தெளிவிழந்து, அடித்த அடி அடங்காமல் சற்றே இழுபடும்.

ஆகவே கைக்கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. போய்த் திரும்பும் கம்பியின் மொத்தத் தடை, ஒலிபெருக்கியின் தடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி பதினொரு மீற்றர் தொலைவுவரை போதும். ஒன்றரை சதுர மில்லிமீற்றர் பதினேழு மீற்றர்வரை செல்லும். நான்கு ஓமாயின் இத்தூரங்களைப் பாதியாகக் கொள்க.

இனி, தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒலிபெருக்கியை எந்த மூலையில் வைத்தாலும், சுவரோரமாகச் சுற்றிச் சென்றாலுங்கூட, தூரம் ஏழு மீற்றரைத் தாண்டுவது அரிது. அங்கே பெருவிலைக் கம்பிக்கு வேலையே இல்லை. நமது கடைகளில் 40/0076 என்று கேட்டால் கிடைக்கும் சாதாரண இரட்டை வயர் தாராளமாகப் போதும். அந்த எண்ணின் பொருளை அறிந்து வைப்பது நன்று: ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தின் பதினாயிரத்தில் 76 பங்கு விட்டமுள்ள நாற்பது இழைகள். கூட்டிப் பார்த்தால் ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பதினான்கு இழைகளே கொண்ட 14/0076 அதில் மூன்றிலொரு பங்கு பருமனே உடையது. இரண்டு மூன்று மீற்றருக்குமேல் அதனை நம்ப வேண்டாம்.

"ஒட்சிசன் நீக்கிய செம்பு" என்று உறையில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விலை சொல்வார்கள். அவ்வாறு நீக்கிய செம்புக்கும் மின்கம்பிக்கென உருக்கிய சாதாரணச் செம்புக்கும் கடத்தும் திறனில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்று அளவே. கம்பியை அரைச் சாண் குறைத்து வெட்டினால் அந்த ஒன்றை ஈடுசெய்துவிடலாம். உண்மையில் அஞ்சத்தக்கது இதுவன்று. செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பென்று விற்பதே அஞ்சத்தக்கது. அலுமினியத்தின் தடை செம்பினதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு மூன்று தடவை வளைத்தால் இழைகள் ஒடியவும் செய்யும். சோதனை எளிது. ஓர் இழையைச் சவர அலகால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் செந்நிறமானால் செம்பு. வெள்ளி போல் வெளுத்தால் அலுமினியம். சுருளைக் கையில் ஏந்தினாலே பாரக் குறைவு தெரிந்துவிடும். விலை மலிவாயின் அதனை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் ஒருபடி பருத்ததாகப் பார்த்து, அலுமினியம் என்று அறிந்தே வாங்க வேண்டும்.

வலப்புறக் கம்பியும் இடப்புறக் கம்பியும் ஒரே நீளமாயிருத்தல் வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவர். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது; கம்பியில் மின்குறியோ நொடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் அளவில் பாய்கிறது. கேட்பவர் தம் நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தினால் உண்டாகும் கால வேறுபாடு, கம்பி நான்கு மீற்றர் நீண்டதால் உண்டாவதைவிடப் பன்மடங்கு பெரிது. நீளம் பற்றிய கவலையை விட்டுவிடலாம். தேவைக்கு மேற்பட்ட கம்பியைச் சுருட்டிப் பெட்டியின் பின்னே திணிப்பதைக் காட்டிலும் வெட்டிவிடுவதே மேல்.

தேர்ந்தெடுத்த கம்பியைப் பொருத்துவதிலேதான் பெரும்பாலான தொல்லைகள் பிறக்கின்றன. முதலிலே அம்ப்ளிபயரை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். கம்பியின் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேலுறையை நீக்கி, இழைகளை ஒரே திசையில் இறுக முறுக்க வேண்டும். பல்லால் கடித்து உரிப்பது நம்மவர் வழக்கம். பல்லுக்கும் கேடு, பாதி இழைகளும் அறுந்துபோகும். முறுக்கிய நுனியில் ஓர் இழைகூடப் பிரிந்து நின்று அடுத்த முனையைத் தொடலாகாது. தொட்டால் அம்ப்ளிபயரின் இரு முனைகளும் நேரே பொருதி, உள்ளிருக்கும் திரான்சிஸ்டர்கள் நொடியில் எரிந்துவிடும். திருகாணியால் இறுக்கும் முனைகளில் ஈயப்பற்று வைத்த நுனியைச் செருகுவதும் நன்றன்று. ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, இறுக்கிய பிடி தானே தளர்ந்துவிடும். வெறும் செம்பை முறுக்கி இறுக்குவதே நிலைக்கும். இடையில் ஒட்டுப்போட வேண்டி வந்தால், முறுக்கி, பற்றவைத்து, மின்காவற் பட்டியால் சுற்ற வேண்டும். கடிதம் ஒட்டும் பட்டி அதற்கு உதவாது.

அடுத்தது நேர்முனை, மறைமுனை பற்றியது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னுமாக அசைந்து காற்றைத் தள்ளி இழுக்கிறது. இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒருங்கே தள்ளி ஒருங்கே இழுத்தால் ஒலி சேர்ந்து திரளும். ஒன்றில் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் கம்பி மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உலக்கையின் இருபுறமும் நின்று இருவர் மாறி மாறி இழுத்தால் நெல் குற்றப்படுவதெங்ஙனம்? எத்தனையோ வீடுகளில் "செட்டில் பேஸ் இல்லை" என்று குறைகூறித் திருப்பிக் கொடுக்கப் போகும் பெட்டிகளுக்கு இந்த ஒரு பிழையே காரணமாயிருக்கக் கூடும். இரட்டைக் கம்பியில் ஒன்றின்மேல் கோடோ வரம்போ இட்டிருப்பார்கள். அதனை எப்பொழுதும் சிவப்புக்கே கொடுப்பதென்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

குறியெல்லாம் அழிந்துபோன பழைய ஒலிபெருக்கியாயின், அம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ற்று உலர்மின்கலம் ஒன்றின் இரு முனைகளையும் அதன் இரு முனைகளிலும் கணப்பொழுது தொட்டுப் பார்க்க வேண்டும். கூம்பு முன்னே வந்தால், மின்கலத்தின் நேர்முனை தொட்ட இடமே ஒலிபெருக்கியின் நேர்முனை. கீச்சொலிக்கென உள்ள சிறு ஒலிபெருக்கியில் இதனைச் செய்து பார்த்தல் கூடாது. மின்கலம் இல்லாதவர் செய்திகள் வாசிக்கும் குரலைக் கேட்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் அமர்ந்து வாசிப்பதுபோல் கேட்டால் பொருத்தம் சரி. குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அறையெங்கும் பரந்து, மெலிந்து கேட்டால், ஒரு பக்கத்துக் கம்பியை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரு செட் வாங்கியபின் இஸ்தோப்பிலும் ஒன்று, குசினியில் ஒன்று என்று ஒலிபெருக்கிகளைப் பெருக்கும் ஆசை இயல்பானதே. எட்டு ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைச் சமாந்தரமாகப் பொருத்தினால் அம்ப்ளிபயருக்கு அவை நான்கு ஓமாகத் தோன்றும். நான்கைப் பொருத்தினால் இரண்டு ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் பெருகும். ஆறு ஓமுக்குக் கீழே போகாதே என்று பின்புறத்தில் எழுதியிருக்கும் அம்ப்ளிபயர் அத்தனை சுமையையும் தாங்க மாட்டாது சூடேறிக் கருகும். இரண்டைத் தொடராக இணைத்தால் பதினாறு ஓம். ஒலி சற்றுக் குறையும், ஆபத்தில்லை. பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்குமாயின், அந்தக் குறைவும் ஒரு வகையில் உபகாரமே. லயத்தின் நடுச்சுவர் ஒலியைத் தடுப்பதற்கென்று எழுப்பப்பட்டதன்று.

இங்கே ஆபத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். லயங்களுக்கு மின்சாரம் மெல்ல மெல்லவே வந்தது. அதற்கு முன்னர் உலர்மின்கலத்தாலும், பின்னர் மோட்டார் வாகன பற்றரியாலும் கருவிகளை இயக்கிய தலைமுறைக்கு, கம்பியைக் கையால் தொடுவதில் அச்சமிருந்ததில்லை. அந்தப் பழக்கம் 230 வோல்ற்று வந்தபின்னும் மறையவில்லை. ஒலிபெருக்கிக் கம்பியின் நுனியில் சுவர்ப் பிளக்கைப் பொருத்தி, "கழற்றி மாட்ட வசதி" என்று வைத்திருப்போர் உண்டு. வீட்டில் ஒரு குழந்தை அந்தப் பிளக்கை மின்சாரத் துளையிற் செருகினால் என்ன ஆகும்? ஒலிபெருக்கி எரியும், பெட்டியும் எரியலாம், கம்பியின் மறுமுனை வெறுமையாய்க் கிடந்தால் உயிரே போகலாம். இதற்கு மறுதலையாக, ஒலிபெருக்கிக்கு வாங்கி மிஞ்சிய மெல்லிய வயரை மின்கேத்தலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நீட்டுவதும் நடக்கிறது. இத்தகைய கருவிகள் பத்து அம்பியர்வரை இழுப்பன. மெல்லிய வயர் சூடேறும், உறை உருகும், இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடும். லயத் தீவிபத்து பற்றிய செய்திகளில் "மின்னொழுக்கு" என்ற சொல்லை நேயர்கள் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள்! தனி வீட்டில் தீப்பிடித்தால் ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த லயத்தில் ஒரு காம்பராவின் வயர் உருகினால், பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் ஓரிரவில் சாம்பலாகும். ஆகவே ஒலிபெருக்கிக்கென வாங்கிய கம்பியை ஒலிபெருக்கிக்கே வைத்துக்கொள்க. அதனைச் சுவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு சாண் தள்ளியே கொண்டு செல்க. ஆணியால் கம்பியை ஊடுருவி அறையாமலும், கூரைத் தகரத்தின் கூர்விளிம்பில் உராயவிடாமலும், எலி கொறித்த இடத்தை அப்படியே விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலைதோறும் ஊவா மலைகளில் இடி முழங்குங்கால், வீட்டுக்கு வெளியே கம்பி நீட்டியிருந்தால் அதனைக் கழற்றி, பிளக்கையும் கழற்றிவிடுவதே நன்று. இவற்றை இடி தொடங்குமுன்னரே செய்துவிட வேண்டும்.

வீட்டுக்கணக்கு கோவிலுக்குச் செல்லாது என்பதையும் தோட்டத்து இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு மேட்டுக் கோவிலில் அம்ப்ளிபயரும், நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் பணிய லயத்து மரத்தில் குழாய் ஒலிபெருக்கியுமாக அமைப்பது வழக்கம். எட்டு ஓம் ஒலிபெருக்கியை ஒரு சதுர மில்லிமீற்றர் கம்பியில் அத்தூரம் கொண்டு சென்றால், பத்தில் நான்கு பங்கு வலு வழியிலேயே தொலைந்துவிடும். அதற்கு வேறொரு முறை இருக்கிறது. அம்ப்ளிபயரில் 100 வோல்ற்று என்று குறித்த முனையிலிருந்து கம்பியை எடுத்து, ஒலிபெருக்கியின் முதுகில் அதற்கெனச் செய்த சிறு மாற்றியைப் பொருத்துவதே அது. ஐம்பது வாற்று ஒலிபெருக்கி ஒன்று அப்பொழுது 200 ஓமாக நிற்கும், மின்னோட்டம் சிறுத்துவிடும், அதே கம்பியில் இழப்பு நூற்றுக்கு இரண்டரை அளவே.

இது புதிய தந்திரமன்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று 1918இலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. அவர் கண்ட லக்சபானா மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது, மலையிலிருந்து கொழும்புக்கு மின்சாரம் சென்றது இவ்வழியிலேயே. வெலிமடையை ஊடறுத்துச் செல்லும் உமா ஓயாவின் நீரைக் கொண்டு 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்ட 120 மெகாவாற்று நிலையத்தின் மின்சாரமும் உயர்ந்த வோல்ற்றளவிலேயே நாட்டின் மின்வலையமைப்பிற் சேர்கிறது. வோல்ற்றளவை உயர்த்தி மின்னோட்டத்தைச் சுருக்கினால் மெல்லிய கம்பியிலும் நெடுந்தூரம் செல்லலாம். கோவில் முற்றத்துக் குழாய் ஒலிபெருக்கியும் நாட்டின் பெருங் கம்பித்தொடரும் பணிவது ஒரே விதிக்குத்தான்.

ஆனால் 100 வோல்ற்றுக் கம்பி தொட்டாற் சுடும். ஈரத்தில் நிற்பவரை வீழ்த்தவும் கூடும். சப்பறம் வரும் வழியில் தலைக்குமேல் எட்டாத உயரத்தில், ஒட்டில்லாத முழுக்கம்பியாகவே அதனைக் கட்ட வேண்டும். மாற்றியில்லாத வீட்டு ஒலிபெருக்கியை அந்த முனையில் பொருத்தினால் முதற் பாட்டு முடியுமுன்னரே அதன் சுருள் கருகிவிடும். திருவிழா முடிந்தபின், பனியில் நனைந்த கம்பியை அப்படியே சுருட்டிச் சாக்கில் கட்டிவிடாமல், வெயிலில் உலர்த்தி, நுனிகளில் பச்சை பூத்த செம்பை ஒரு விரற்கடை வெட்டி நீக்கிவிட்டு எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டுக்கும் அதுவே உதவும்.